வன்னியின் தனியார் சிறுவர் இல்லங்கள் ஒரே பதிவேட்டின் கீழ் வர வேண்டுமா?

முத்தையன்கட்டு வாசகர்:
வன்னியில் இன்று சிறுவர் இல்லங்களை நடத்துவோரில் பெரும்பாலானோர் அரச சார்பற்றவர்கள். சைவ ஆச்சிரமங்கள், கத்தோலிக்கத் துறவற சபைகள், ஏனைய திருச்சபைகள், புலம்பெயர்ந்த உறவுகளின் அறக்கட்டளைகள் என்று அவர்கள் பலவகையினர். ஒவ்வோர் இல்லமும் வட மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் தனித்தனியே பதிவு பெற்று, தனித்தனியே நிதி தேடி, தன் பிள்ளைகளின் கோப்புகளைத் தன் அலுமாரியிலேயே பூட்டி வைத்துள்ளது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களின் இல்லங்களும் கூடி, பிள்ளைகளைத் தற்காலிகமாக ஏற்று வளர்க்க விரும்பும் குடும்பங்களுக்கான ஒரு பொதுப் பதிவேட்டையும், அக்குடும்பங்களை மதிப்பிடுவதற்கான ஒரே முறையையும், அவர்களுக்கான ஒரே பயிற்சியையும் உருவாக்க வேண்டும் என்பது என் கருத்து. மகவேற்பையும், அதாவது சட்டப்படி தத்தெடுப்பதையும், அதே கூட்டமைப்பின் வழியாக ஒழுங்குபடுத்தலாம்.

எனக்கு முதன்மையான காரணம் உடன்பிறந்தவர்கள். எமது இல்லங்கள் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று அமைந்தவை. வயது எல்லையும் உண்டு. ஆகவே தாய் மத்திய கிழக்கிற்கு வேலைக்குப் போன ஒரு வீட்டின் மூன்று பிள்ளைகள் மூன்று இடங்களில் வளர்கிறார்கள். அக்கா இருக்கும் இல்லத்துக்குத் தம்பி இருக்கும் இல்லம் எதுவென்று தெரிந்திருக்கக் கட்டாயம் எதுவுமில்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009 இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள், துன்புறுத்தலுக்கான தெளிவான ஆபத்தோ பிள்ளையின் நலன் கருதிய வேறு காரணமோ இருந்தாலன்றி உடன்பிறந்தோரைப் பிரிக்கக் கூடாது என்று சொல்கின்றன. இல்லங்கள் தத்தம் வேலிக்குள் இருக்கும் வரை, எவ்வளவு நல்ல இல்லமாக இருந்தாலும், தனியாக நின்று அதை நிறைவேற்ற முடியாது.

கனகபுரத்தான்:
ஐயா, நான் கிளிநொச்சியில் ஓர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவன். தங்கள் அக்கறையை மதிக்கிறேன், முன்மொழிவை எதிர்க்கிறேன்.

முதலாவதாக, குடும்பம் என்று சொன்னவுடனேயே அது இல்லத்தைவிட மேலானது என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? எங்களிடம் மாலையில் படிப்பு நேரம் இருக்கிறது, சாதாரண தரப் பரீட்சைக்குத் தனி வகுப்பு இருக்கிறது, மூன்று வேளைச் சாப்பாடு இருக்கிறது, இரவில் விடுதிப் பொறுப்பாளர் இருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளையை ஏற்க முன்வரும் வீட்டில் அவள் பிள்ளையாக இருப்பாளா, அடுப்படிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் கிடைத்த கையாக இருப்பாளா என்பதை யார் போய்ப் பார்ப்பது? ஒரு நன்னடத்தை அலுவலருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பரப்பைத் தாங்கள் அறிவீர்கள். மாங்குளத்திலிருந்து உள்ளே காட்டு வழியில் போக வேண்டிய கிராமங்களுக்கு மாரி காலத்தில் மோட்டார் சைக்கிளே போகாது. இல்லத்தில் ஒரு தவறு நடந்தால் நாற்பது பிள்ளைகளும் ஊழியர்களும் அதற்குச் சாட்சி. வீட்டுக்குள் நடப்பதற்குச் சாட்சி யார்?

இரண்டாவதாக, தனியார் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து பிள்ளைகளை இடம் மாற்றும் வேலையை எடுத்துக்கொண்ட இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் 1996 முதல் இப்பணிகளைத் தனியார் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்பந்தத்தில் விட்டது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வைத்தார்கள். பிள்ளை எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் பராமரிப்பில் இருந்தபோது நிறுவனங்கள் நிதி நெருக்கடியில் விழுந்தன. கட்டண முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. அவ்வளவு வளம் உள்ள இடத்திலேயே அப்படி.

மூன்றாவதை எங்கள் நாட்டிலேயே பார்த்தோம். 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில் பலருடைய பத்திரங்கள் பொய்யானவை என்பதும், தாய் என்று கையெழுத்திட்டவள் தாயே அல்லாத சம்பவங்கள் இருந்தன என்பதும் பின்னாளில் வெளிவந்தன. நெதர்லாந்து 2021 இல் வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியதற்கான விசாரணையில் ஆராயப்பட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஓரிடத்தில் திரண்டால், அதைத் தேடி வருவோர் எல்லோரும் நல்ல மனத்தோடு வருவதில்லை.

ஸ்காபரோ வாசகி:
நான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறேன். இங்கு பிள்ளைகள் பாதுகாப்புப் பணியைச் செய்யும் சிறுவர் உதவிச் சங்கங்கள் அரச திணைக்களங்கள் அல்ல. தனித்தனி நிர்வாக சபைகள் கொண்ட, இலாப நோக்கற்ற, மாகாண அரசின் நிதியில் இயங்கும் அமைப்புகள். அவை பல இருந்தும், வளர்ப்புப் பெற்றோருக்கான பயிற்சியையும் வீட்டு மதிப்பீட்டையும் பொதுவான வடிவத்தில் செய்கின்றன. அதனால் ஒரு சங்கம் செய்த மதிப்பீட்டை இன்னொரு சங்கம் வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிறது. குறைகள் இல்லை என்று சொல்லவில்லை. பழங்குடிப் பிள்ளைகள் விடயத்தில் இந்தச் சங்கங்களின் வரலாறு வெட்கப்படத்தக்கது. ஆனால் கனகபுரத்து அண்ணை அஞ்சுவது போல, கூட்டுப் பதிவேடு என்றால் சந்தை என்று ஆகிவிட வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த எங்கள் ஊரவரின் சங்கம் முல்லைத்தீவின் யுத்த அநாதைகளுக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறது. அவர்களில் ஒருவர் ஒரு குடும்பத்துக்குப் போனால் அந்தப் பணத்தை அக்குடும்பத்துக்கே அனுப்ப நாங்கள் ஆயத்தம்.

நெடுங்கேணிச் சட்டத்தரணி:
சகோதரி குறிப்பிடும் "யுத்த அநாதைகள்" யார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் பிறந்த குழந்தைக்குக்கூட இப்போது பதினாறு வயது கடந்துவிட்டது. இன்று இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார். வறுமை, பெற்றோரின் பிரிவு, தாயின் மறுமணம், வெளிநாட்டு வேலை, தந்தையின் குடி, வீட்டுக்குள் நேர்ந்த துன்புறுத்தல் ஆகியவையே அவர்களை அங்கே கொண்டுவந்தன. நுண்கடன் தவணைக்காரன் வாசலில் நிற்கும் வீட்டிலிருந்து பிள்ளையை இல்லத்தில் விடும் தாய், பிள்ளையைக் கைவிட்டவள் அல்லள். இந்த விவாதம் இதை மறந்து நடந்தால் வீண்.

சட்டத்தைப் பொறுத்தவரை இங்கு இரண்டு விடயங்கள் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன. மகவேற்பு 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளையால் மட்டுமே நிகழும். பெற்றோரின் உறவு சட்டப்படி முடிந்து புதிய உறவு நிரந்தரமாகும். அக்கட்டளைச் சட்டம் பிள்ளை என்று வரையறுத்தது பதினான்கு வயதுக்குக் குறைந்தவரை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் அப்பிள்ளையின் சம்மதமும் தேவை. வளர்ப்புக் குடும்பத்தில் விடுவதோ மீளக்கூடியது. அதற்கு 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில் நீதிமன்றம் பிள்ளையைத் தகுதியான ஓர் ஆளிடம் ஒப்படைக்கும் வழி உண்டு. 1941 சட்டத்திலேயே, தன் பிள்ளையல்லாத ஒருவரை வளர்ப்பவர் பாதுகாவலராகப் பதிவு செய்துகொள்ளும் பகுதியும் உண்டு. எமது பாட்டன்மாரும் பாட்டிமாரும் சித்திமாரும் ஆண்டுக்கணக்காக இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். ஆனால் பதிவு செய்தவர்கள் மிகச் சிலர். ஆழிப்பேரலைக்குப் பின் வந்த 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வளர்ப்புப் பெற்றோரைப் பதிவு செய்யும் ஒழுங்கை வெளிப்படையாகவே கொண்டுவந்தது. ஆனால் அது அலையால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும்.

வன்னிக்கென்று உரிய ஒரு சிக்கலும் உண்டு. மகவேற்புக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். தந்தையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நீதிமன்றம் அச்சம்மதம் இன்றியே கட்டளை பிறப்பிக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக இன்மைச் சான்றிதழ் பெறும் வசதியும் 2016 முதல் இருக்கிறது. சட்டம் வழி விட்டாலும் தாய் வழி விடுவதில்லை. பிள்ளையை இன்னொருவர் பெயரில் எழுதிக்கொடுத்தால், கணவன் திரும்பி வரமாட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சும் பெண்களிடம் எந்தக் கூட்டமைப்பும் படிவத்தை நீட்டக் கூடாது.

(இடையில் ஒன்று: 1707 இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலும் பிள்ளையை ஏற்கும் முறை இருக்கிறது. மஞ்சள் நீர் அருந்தும் சடங்கும் உரித்தாளர்களின் சம்மதமும் அதில் சொல்லப்பட்டுள்ளன. அங்கே முதல் கவலை பிள்ளை அல்ல, காணி.)

ஸ்காபரோ வாசகி:
நன்றி, ஐயா. யுத்த அநாதைகளுக்கு என்று பணம் கேட்கும் எங்கள் சங்கத்தின் துண்டுப்பிரசுரம் பத்து வருடங்களாக மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் "தாய் உயிருடன் இருக்கிறாள்" என்று எழுதினால் இங்கே பணம் வருமா என்பதும் உண்மையான கேள்வியே.

கனகபுரத்தான்:
பார்த்தீர்களா? அங்கேதான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வரவு தலைக்கு இவ்வளவு என்று வருவது. பத்துப் பிள்ளைகள் வீடு திரும்பினால் பத்துப் பேருக்கான பணம் நிற்கும். ஆனால் சமையற்காரரின் சம்பளமும் மின் கட்டணமும் காவலாளியின் சம்பளமும் குறையாது. இதைச் சொன்னால் பிள்ளைகளை வைத்து இல்லம் பிழைக்கிறது என்று பழி வரும். நான் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனெனில் பேசாமல் விட்டால் தங்கள் பதிவேட்டில் எந்த இல்லமும் நேர்மையாகப் பிள்ளைகளின் பெயரை எழுதாது.

ஒட்டுசுட்டான் மகள்:
நான் இல்லத்தில் வளர்ந்தவள். இரு பக்கத்தாரும் எங்களைப் பற்றி எங்களைக் கேளாமலே பேசுகிறீர்கள்.

இல்லம் எனக்குப் படிப்பைத் தந்தது; கனகபுரத்து அண்ணை சொன்ன படிப்பு நேரம் உண்மை. ஆனால் பதினெட்டு வயதில் வெளியே வந்தபோது பொங்கலுக்குப் போக ஒரு வீடு இருக்கவில்லை. என் தம்பி வேறு மாவட்டத்தில், வேறு சமயத்தார் நடத்திய இல்லத்தில் வளர்ந்தான். இன்று அவனுக்கும் எனக்கும் கும்பிடும் இடம் வேறு, அது பரவாயில்லை. சிறு வயதில் நடந்தவற்றில் இருவரும் சேர்ந்து நினைக்க எதுவும் இல்லை என்பதே என் குறை.

அதேவேளை, வளர்ப்புக் குடும்பங்களைப் பற்றி இங்கே யாரும் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை ஏற்க வரும் வீடுகள் முதலில் கேட்பது பிள்ளையின் வயதையோ உடல்நிலையையோ அல்ல, "எந்தப் பகுதி ஆட்கள்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியின் பொருள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். முத்தையன்கட்டு ஐயாவின் பொது மதிப்பீட்டுப் படிவத்தில் சாதியைக் கேட்கும் குடும்பத்துக்கு என்ன பதில் எழுதப்படும்? இதற்கு விடை இல்லாத பதிவேடு, சில பிள்ளைகளை மட்டும் கடைசிவரை இல்லத்திலேயே நிறுத்திவிடும்.

முத்தையன்கட்டு வாசகர்:
தங்கச்சியின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். அக்கேள்வியைக் கேட்கும் குடும்பம் பதிவேட்டில் இடம் பெறக் கூடாது. ஓர் இல்லம் மறுத்த குடும்பத்தை அடுத்த இல்லம் ஏற்கவும் கூடாது. அதற்கே கூட்டு வேண்டும் என்கிறேன். இன்றைய நிலையில் ஓரிடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர் பக்கத்து மாவட்டத்தில் புதிய ஆளாகப் போய் நிற்கலாம். கனகபுரத்து ஐயா அஞ்சும் வேலைக்காரப் பிள்ளை ஏற்பாடும் அந்த இடைவெளிக்குள்தான் நுழைகிறது. அவர் எழுப்பிய ஐயங்களில் பாதி என் முன்மொழிவுக்கு எதிரானவையாகத் தோன்றினாலும், உண்மையில் இப்போதைய நிலைமைக்கு எதிரானவை.

சட்டத்தரணி ஐயா விளக்கிய வேறுபாட்டின்படி மகவேற்பைக் கூட்டமைப்பிலிருந்து முற்றாக நீக்கிவிடலாம். அது திணைக்களத்திடமும் நீதிமன்றத்திடமும் இருக்கட்டும். எந்த இல்லமும் மகவேற்க விரும்புவோருக்குப் பிள்ளையைக் காட்டக் கூடாது. கூட்டமைப்பு செய்ய வேண்டியவற்றை ஓர் ஒழுங்கில் வைக்கிறேன். முதலில், தாயிடமோ பாட்டியிடமோ திரும்பக்கூடிய பிள்ளையைத் திருப்புதல். அதற்கு இல்லத்துக்கு வரும் பணத்தின் ஒரு பங்கு வீட்டுக்குப் போக வேண்டும். அது முடியாதபோது பிள்ளையை வளர்க்கும் உறவினரைப் பாதுகாவலராகப் பதிவு செய்வித்தல். அதுவும் இல்லாதபோதுதான் அயல் குடும்பம். அதிலும் உடன்பிறந்தோர் சேர்ந்து போகக்கூடிய குடும்பத்துக்கு முன்னுரிமை. அமைச்சரவை 2019 இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கையும் இல்லத்தைக் கடைசி வழியாகவே வைக்கிறது. அதைக் கையில் எடுத்து நடத்த வன்னியில் ஆள் இல்லை என்பதே என் வாதம்.

கனகபுரத்தான்:
மகவேற்பை நீக்கியதை வரவேற்கிறேன்; என் எதிர்ப்பின் பெரும் பகுதி அதில்தான் இருந்தது. மீதியை விட்டுக்கொடுக்கவில்லை. மழைக்காலத்தில் அக்கிராமங்களுக்குப் போய்ப் பார்க்கும் ஆள் யார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கிராம அலுவலர் என்று சொல்லாதீர்கள். அவருக்கு இருக்கும் வேலை போதும். ஒவ்வோர் இல்லமும் ஓர் ஊழியரை மாதத்தில் சில நாட்களுக்கு விடுவித்து, அவரைத் தன் இல்லத்துப் பிள்ளை போகாத வீடுகளுக்கு மட்டுமே அனுப்புவதென்றால் நான் எங்கள் நிர்வாகக் குழுவில் பேசிப் பார்க்கலாம். தன் பிள்ளையைத் தானே போய்ப் பார்க்கும் இல்லம் குறையை எழுதாது.

ஒட்டுசுட்டான் மகள்:
அப்படிப் போகிறவர் பிள்ளையைத் தனியாகச் சந்திக்க வேண்டும், வீட்டுக்காரரின் முன்னால் அல்ல. பெண் பிள்ளையானால் பெண் ஒருவரே போக வேண்டும். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைப் பிள்ளையின் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வரவும் வேண்டும்.

நெடுங்கேணிச் சட்டத்தரணி:
இருவரும் சொன்ன நிபந்தனைகளை எழுத்தில் வரைந்து தருகிறேன். ஆனால் திணைக்களத்தின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் எந்த இல்லமும் ஒரு பிள்ளையின் பெயரைக்கூட இன்னோர் இல்லத்துடன் பகிரக் கூடாது. முதலில் உடன்பிறந்தோர் பட்டியலுக்கு மட்டும் அனுமதி கேட்போம். அதை மறுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் கிடைப்பது கடினம்.

ஸ்காபரோ வாசகி:
எங்கள் சங்கக் கூட்டம் அடுத்த மாதம் நடைபெறுகிறது. தலைக்கு இவ்வளவு என்பதை மாற்றி, இல்லத்தின் நிலையான செலவுக்கு ஒரு தொகை, பிள்ளையின் குடும்பத்துக்கு இன்னொரு தொகை என்று பிரிக்கும் தீர்மானத்தை நான் முன்வைக்கிறேன். கனகபுரத்து அண்ணை, உங்கள் இல்லத்தின் நிலையான செலவு எவ்வளவு என்று எழுதித் தர முடியுமா? கணக்கைக் காணாமல் இங்கே ஒருவரும் கையை உயர்த்த மாட்டார்கள்.

கனகபுரத்தான்:
நிர்வாகக் குழுவின் அனுமதி கிடைத்தால் தருகிறேன். மற்ற இல்லங்களிடமும் கேளுங்கள். எங்கள் கணக்கு மட்டும் வெளியே போவதை எங்கள் குழு ஏற்காது.