கிழக்குப் பசிபிக் ஏன் சூடாக மறுக்கிறது?

கொற்கைவாசி:
காலநிலையைக் கணிக்கும் பெரும்பாலான கணினி மாதிரிகள் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. பூமி சூடானால் பூமத்தியரேகைப் பசிபிக்கில் கிழக்குப் பக்கம், அதாவது பெரு, ஈக்வடார் பக்கம், மேற்கைவிட அதிகம் சூடாகும், கிழக்கிலிருந்து மேற்கே வீசும் வியாபாரக் காற்று தளரும், கடல் எல் நினோ (கிழக்குப் பசிபிக் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) சாயலுக்குப் போகும் என்கின்றன. சரி, 1980க்குப் பிறகு அளந்ததைப் பாருங்கள். இந்தோனேசியப் பக்கம் சூடேறியிருக்கிறது, கிழக்கோ பல இடங்களில் கொஞ்சம் குளிர்ந்தே போயிருக்கிறது. திசையே தப்பான கணக்கை வைத்துக்கொண்டு 2100ல் எங்கே மழை பெய்யும் என்று சொன்னால் எப்படி நம்புவது?

நீரோட்டம்:
இதை வைத்துப் பூமி சூடாவதே பொய் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. கிழக்கில் காற்று மேல்நீரை மேற்கே தள்ளத் தள்ள, அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. ஈக்வடாருக்கு மேற்கே உள்ள கலாபகோஸ் தீவுகளில் பூமத்தியரேகையிலேயே பென்குயின் வாழ்கிறதே, அந்த நீரின் தயவில்தான். அது வேறெங்கோ மூழ்கிப் பல வருடம் கழித்து இங்கே தலைகாட்டுவது, சமீபத்திய சூடு அதற்கு இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. மேற்கு மட்டும் சூடேறினால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் கூடும், காற்று பலமாகும், குளிர்நீர் இன்னும் வரும். கிளெமென்ட் என்ற ஆய்வாளரின் குழு இதை 1996லேயே எழுதிவிட்டது.

கொற்கைவாசி:
அதைத்தானே சார் நானும் கேட்கிறேன்? எளிய மாதிரியில் 1996ல் கிடைத்த விடை பெரிய மாதிரிகளுக்கு ஏன் இன்னும் பிடிபடவில்லை? பலவற்றில் அந்தக் குளிர்நீர்ப் பட்டை நிஜத்தைவிடக் குளிராக, மேற்கே நெடுந்தூரம் நீண்டு கிடக்கிறது. ஆரம்பமே கோணல்.

மேகக்கூட்டம்:
இடையில் ஒன்று. 1991ல் ராமநாதன், காலின்ஸ் என்ற ஆய்வாளர்கள் சொன்னதை மறந்துவிட்டீர்களா? கடல் ஓர் அளவுக்கு மேல் சூடானால் இடிமேகம் எழும், அதன் உச்சி பரந்து விரிந்து வெயிலை மறைக்கும், கடல் அதற்கு மேல் அதிகம் ஏறாது. கூரை இருக்கும்போது எதற்கு இவ்வளவு பதற்றம்?

நீரோட்டம்:
அந்தக் கூரையே உயர்கிறது. மேலே உள்ள காற்றும் சூடாவதால் இடிமேகம் எழத் தேவையான வெப்பநிலை வெப்பமண்டலக் கடலின் சராசரியோடு சேர்ந்து ஏறுகிறது. ஜான்சன், ஷியே என்ற ஆய்வாளர்கள் இதை 2010ல் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் கொற்கைவாசிக்கு: பசிபிக் பத்து, இருபது வருடம் தானாகவே ஊசலாடும். 2020 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று குளிர்காலம் லா நினா, அதாவது எல் நினோவுக்கு நேர்மாறாகக் கிழக்குப் பசிபிக் குளிரும் நிலை, வந்தது. நாற்பது வருடப் போக்கில் அந்த ஊசலாட்டமும் கலந்திருக்கிறது.

கொற்கைவாசி:
ஊசலாட்டத்துக்கும் இடம் கொடுத்துத்தான் ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டுகிறார்கள். அப்படியும் அளந்த போக்கு அதில் கிடைக்கும் விடைகளின் வீச்சின் விளிம்பிலோ வெளியிலோதான் விழுகிறது. அந்த லா நினா வருடங்களில் சோமாலியாவிலும் பக்கத்து நாடுகளிலும் அடுத்தடுத்து ஐந்து மழைப் பருவம் பொய்த்தது. மாதிரிகள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எழுதி வைத்திருப்பதோ அதிக மழை. உலகச் சராசரியில் அவை ஜெயிக்கட்டும், ஆடு மாடு செத்துக் கிடப்பவனுக்கு எந்தக் கணக்கைக் காட்டுவீர்கள்?

நீரோட்டம்:
இரண்டையும் காட்டச் சொல்வேன். பசிபிக் காற்று பலமாகவே இருந்தால் கிழக்கு ஆப்பிரிக்காவில் வறட்சி, என்றைக்காவது தளர்ந்தால் வெள்ளம். ஒரே விடையை மட்டும் நம்பி அணை கட்டினால்தான் ஆபத்து.