மதியம் ஆனால் பல்லேடியம் சில்லு ஹைட்ரஜனைக் கண்டுகொள்வதில்லை, ஏன்?

திருநகர்_எம்எஸ்சி:
ஹைட்ரஜனை ஒளியால் உணரும் சில்லு செய்கிறேன். கண்ணாடி ஸ்லைடில் 3 நானோமீட்டர் அளவுக்குப் பல்லேடியம் ஸ்பட்டர் செய்த (உலோகத்தை அணு அணுவாக உதிர்த்துப் படியவைத்த) படலம், தனித்தனித் தீவுகளாக இருக்கிறது. ஹாலஜன் விளக்கு, ஃபைபர், ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளியை அலைநீளம் வாரியாக அளக்கும் கருவி) வைத்து ஊடுருவும் ஒளியைப் பார்க்கிறேன், அதில் வரும் மாற்றம்தான் சிக்னல். நைட்ரஜனில் 4% ஹைட்ரஜன் உள்ள சிலிண்டர். 75 பங்குக்கு 25 பங்கு வெறும் நைட்ரஜன் கலந்து 3% ஆக்குகிறேன். காலையில் லேப் 26 டிகிரி, சிக்னல் எகிறுகிறது. மதியம் 39 டிகிரி, அதே 3%க்கு அசைவு ரொம்பக் குறைவு. வாயுவை நிறுத்தினாலும் பழைய கோட்டுக்குச் சீக்கிரம் வருவதில்லை. சில்லு போய்விட்டதா?

வைகை_ஒளியியல்:
சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, சூடுதான் காரணம். 3% என்றால் சுமார் 30 மில்லிபார். பல்லேடியம் ஹைட்ரஜனை உள்வாங்கி ஹைட்ரைடாக மாற 25 டிகிரியில் ஏறக்குறைய 20 மில்லிபார் போதும், அதுதான் எல்லை. அந்த மாற்றம் வெப்பத்தை வெளிவிடுவது, மோலுக்கு 37 கிலோஜூல் பக்கம். அதனால் சூடு ஏற ஏற எல்லையும் ஏறும். வான்ட் ஹாஃப் சமன்பாட்டில் (சூட்டுக்கு ஏற்ப எல்லை எவ்வளவு மாறும் என்று சொல்வது) போட்டால் 40 டிகிரியில் இரண்டு மடங்கு. காலையில் எல்லையைத் தாண்டுகிறீர்கள், மதியம் தாண்டவில்லை.

திரும்பி வரும்போது எல்லை இன்னும் தாழ்வு, ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் வேறாக இருக்கும் இதுதான் ஹிஸ்டெரிசிஸ். போதாததற்கு வெறும் நைட்ரஜனில் வெளியேற்றமும் மெதுவு. காற்று விட்டால் ஆக்சிஜன் ஹைட்ரஜனை நீராக்கி இழுத்துவிடும். ஆனால் முதலில் சில்லு இருக்கும் வாயு அறையை நைட்ரஜனால் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் காற்று. பல்லேடியம் வினையூக்கி, காற்றில் ஹைட்ரஜன் 4% ஆனாலே எரியும் வரம்பு.

ஒத்தக்கடை_லேப்:
பெல்டியர் (மின்சாரத்தில் குளிரும் தகடு) வைத்துக் குளிர்விக்கப் பார்க்காதீர்கள், ஈரம் படியும். சின்ன ஹீட்டரால் 50 டிகிரியில் நிறுத்துங்கள், நம்ம ஊரில் அதுதான் சுலபம். ஆனால் அங்கே சுத்தப் பல்லேடியத்தின் எல்லை 60 மில்லிபாரைத் தாண்டிவிடும், சிக்னல் சின்னது. அதனால் 25% தங்கம் சேர்த்த கலவைக்கு மாறுங்கள். ஹிஸ்டெரிசிஸ் கிட்டத்தட்ட போய்விடும், அழுத்தத்துக்கு ஏற்றபடி ஏறி இறங்கும். அதற்குக் கொடுக்கும் விலை: மொத்த அசைவு குறையும். எனவே ஸ்பெக்ட்ரம் வளைவின் உச்சியை மட்டும் பார்க்காமல் முழு வளைவின் மையத்தைக் கணக்கிடுங்கள், விளக்கை அரை மணி சூடாக்கிய பிறகே அளவெடுங்கள்.

திருநகர்_எம்எஸ்சி:
நன்றி அண்ணா. தங்க விகிதத்தைத் தெற்காவணி மூல வீதி நகைக்கடைக் கேரட் மெஷினில் (எக்ஸ்ரேயால் தங்கத் தரம் பார்ப்பது) பார்க்கலாமா?

ஒத்தக்கடை_லேப்:
படலத்துக்கு ஆகாது தம்பி. அந்த மெஷின் கனமான உலோகத்துக்கு அளவீடு செய்தது. இத்தனை மெல்லிய படலத்தில் கதிர் கண்ணாடிக்குள் இறங்கிவிடும். டார்கெட்டை (ஸ்பட்டர் செய்ய வைக்கும் உலோகக் கட்டி) வேண்டுமானால் பாருங்கள், படலத்துக்கு ஈடிஎக்ஸ் (எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனிம விகிதம் பார்ப்பது). வாயுவில் கார்பன் மோனாக்சைடு, கந்தகம் இருந்தால் மேற்பரப்பு அடைபடும். மேலே பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து வையுங்கள், கார்பன் மோனாக்சைடை நன்றாகத் தடுக்கும்.