குளியலறை சர்க்கியூட்டுக்கு ஏஎஃப்டிடி (வயரிங்கில் ஆர்க், அதாவது மின்பொறி வந்தால் கரண்டை நிறுத்தும் கருவி) போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணன்மார்களே. பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டுக்குப் புது வயரிங். வாட்டர் ஹீட்டர் 3.6 கிலோவாட், 230 வோல்ட்டில் சுமார் 16 ஆம்பியர் இழுக்கும். தனி சர்க்கியூட், 20 ஆம்பியர் எம்சிபி (ஓவர்லோடு ஆனால் விழுந்து கரண்டை நிறுத்தும் பிரேக்கர்), 4 சதுர மில்லிமீட்டர் வயர், 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் விழும் பிரேக்கர்), குளியலறைக்கு வெளியே லைன், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச். இதுவரை சந்தேகமில்லை.

பழைய ஹீட்டரைக் கழற்றினால், நியூட்ரல் (கரண்டு திரும்பி வரும் வயர்) முனையில் திருகு தளர்ந்து, இன்சுலேஷன் கருகிப் பொடியாக உதிர்கிறது. ஆர்சிசிபி விழவே இல்லை. போன கரண்டு முழுசாகத் திரும்பி வந்தால் அதற்குக் கசிவு எப்படித் தெரியும்? ஓவர்லோடும் இல்லை, எம்சிபியும் சும்மா இருக்கும். திருகை இறுக்குவதுதான் முதல் வேலை. அதற்கு மேல் ஒரு காவலாக ஏஎஃப்டிடி போட நினைக்கிறோம்.

அமெரிக்க விதியின் ஆர்க் பாதுகாப்புப் பட்டியலில் குளியலறை இல்லை. ஆனால் படுக்கையறை சர்க்கியூட்டிலிருந்து குளியலறை விளக்குக்கு லைன் போனால் அதுவும் சேர்ந்துவிடும். அங்குள்ள 120 வோல்ட் சாமான் நமக்கு ஆகாது.

உங்களிடம் கேட்பது: 230 வோல்ட், 20 ஆம்பியர் ஏஎஃப்டிடி பினாங்கில் எந்தக் கடையில் கையிருப்பில் கிடைக்கும்? பம்ப் வைத்த ஹீட்டரில் காரணமில்லாமல் விழுகிறதா? பயன்படுத்திய வயர்மேன்கள் மாடலோடு சொன்னால் பெரிய உதவி.