மறுசேர்க்கை நொதியா, மறுசேர்க்கைவழி நொதியா?

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான உயிர்வேதியியல் செய்முறைக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறை பற்றிய பாடத்தில் 'ரீகாம்பினன்ட் டாக் பாலிமரேஸ்' என்று வருகிறது. வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுவை ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குள் வைத்து, அங்கே உண்டாக்கி எடுக்கும் நொதி. 'மறுசேர்க்கை நொதி' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

கோவை, உயிர்வேதியியல் பேராசிரியை:

எனக்குச் சரியாகப் படவில்லை ஐயா. மறுசேர்க்கைக்கு, அதாவது வெட்டி ஒட்டுவதற்கு, உள்ளானது டி.என்.ஏ.தான், நொதி அல்ல. அதோடு, டி.என்.ஏ. துண்டுகளை வெட்டி இடம்மாற்றிச் சேர்க்கும் ரீகாம்பினேஸ் என்ற நொதி வகையே தனியாக இருக்கிறது. 'மறுசேர்க்கை நொதி' என்றால் மாணவர்கள் அதைத்தான் நினைப்பார்கள். 'மறுகூட்டல்' பக்கமும் போகவேண்டாம். தேர்வு முடிவு வந்ததும் மறுகூட்டலுக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் அவர்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா சொல்லும் குறை 'மறுசேர் நொதி' என்று வினைத்தொகையாக எழுதினால்தான் வரும். சேர்ந்த, சேர்கின்ற, சேரும் நொதி என்று விரியும். நொதியே சேர்வதாக ஆகிவிடும். 'மறுசேர்க்கை நொதி' அப்படியல்ல. பொன்னால் ஆகிய குடம் பொற்குடம். மறுசேர்க்கையால் ஆகிய நொதி மறுசேர்க்கை நொதி. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

ஆனாலும் எனக்கு வேறோர் ஆசை உண்டு. வெட்டிய டி.என்.ஏ.வில் இன்னொரு மரபணு வந்து ஒட்டுவது நம் புணர்ச்சியேதான். தாங்கும் டி.என்.ஏ. நிலைமொழி, நுழையும் மரபணு வருமொழி. முனைகள் பொருந்தினால்தான் ஒட்டும். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் பார்த்துத்தானே நாமும் சேர்க்கிறோம்? ஆகவே 'மறுபுணர் நொதி' என்று கேட்கத் தோன்றுகிறது.

'நொதி'யையும் பாருங்கள். மாவு நொதிப்பதிலிருந்து வந்த சொல். என்சைம் என்ற கிரேக்கவழிச் சொல்லும் புளித்த மாவைத்தான் சுட்டுகிறது. இரண்டு மொழிகளும் ஒரே பானைக்குள் எட்டிப் பார்த்திருக்கின்றன!

கோவை, பேராசிரியை:

ஐயா, பொற்குடம் சரி. தலைவலித் தைலம்? அது தலைவலியால் ஆகிய தைலம் இல்லையே. தொகை இரண்டு பக்கமும் விரிவதுதான் என் கவலை. 'மறுபுணர்' இலக்கண வகுப்பில் அழகாக இருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அறுபது பேர் முன்னால் அதைச் சொல்லிவிட்டு என்னால் பாடத்தைத் தொடர முடியாது.

யாழ்ப்பாணம், உயிரியல் ஆசிரியர்:

இங்கு நாங்கள் 'நொதியம்' என்றே படிப்பிக்கிறோம். உங்கள் மறுசுழற்சி எங்களுக்கு மீள்சுழற்சி. 'மீள்சேர்க்கை' என்றால் கல்லூரியில் திரும்பச் சேரும் குழப்பமும் வராது. பொதுச்சொல் என்று ஒன்றை எழுதும்போது எங்களையும் கொஞ்சம் நினையுங்கள்.

சென்னை, ஆய்வு மாணவி:

ஆய்வகத்தில் நாங்கள் 'ரீகாம்பினன்ட்' என்றேதான் சொல்கிறோம். குப்பியில் அந்தச் சொல் ஏன் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். டாக் நொதியில் ஈ. கோலை டி.என்.ஏ. மிகச் சிறிதளவு தங்கிவிடுவது உண்டு. பாக்டீரியாவைத் தேடும் பி.சி.ஆர். செய்யும்போது, மாதிரியே சேர்க்காத குழாயிலும் பாக்டீரியா இருப்பதாக விடை வரும். எனக்கு அப்படி ஒரு வாரம் போயிற்று. நொதி எந்த உயிரின் மரபணுவிலிருந்து வந்தது, எந்த உயிருக்குள் உண்டாயிற்று என்ற இரண்டையும் அந்தப் பெயர் நினைவூட்டவேண்டும். புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே என்ற நொதியும் அப்படித்தான்: மரபணு ஒரு பூஞ்சையுடையது, ரீகாம்பினன்ட் வகையைப் பெரும்பாலும் ஈஸ்டில்தான் தயாரிக்கிறார்கள்.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

அம்மாடி, நீங்கள் சொன்னதும் அகத்திணை கண்முன் வந்துவிட்டது. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி! தெர்மஸ் நற்றாய், ஈ. கோலை செவிலி. 'செவிலிவளர் நொதி' என்றால் நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறதே. 'மறுபுணர்' வேண்டாம், விட்டுவிட்டேன்.

கோவை, பேராசிரியை:

மனத்தைத் தொடுகிறது ஐயா. ஆனால் மரபணுவை ஏற்று வளர்க்கும் உயிருக்குப் பாடநூலில் 'ஓம்புயிரி' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதோடு, ஈ. கோலையின் நொதியையே ஈ. கோலையில் பெருக்கி எடுப்பதும் உண்டு. அங்கே நற்றாயும் செவிலியும் ஒருத்திதான். 'மறுசேர்க்கைவழி நொதி' என்று 'வழி'யைச் சேர்த்தால் தொகைச் சிக்கல் தீரும். புரதத்துக்கும் அதுவே: மறுசேர்க்கைவழிப் புரதம்.

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு பதினொன்று ஆகிவிட்டது. குழுவில் நால்வர் 'மறுசேர்க்கைவழி நொதி' என்கிறார்கள், அதையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'ரீகாம்பினன்ட்' என்பதைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் தருகிறேன். ஓம்புயிரியின் பெயரையும் ஒவ்வொரு நொதிக்கும் அட்டவணையில் சேர்த்துவிட்டேன், சென்னைத் தங்கைக்கு நன்றி. யாழ்ப்பாணத்து நண்பரின் 'மீள்சேர்க்கை', 'நொதியம்' இரண்டும் சொல்லடைவில் இடம்பெறும்.

யாழ்ப்பாணம், ஆசிரியர்:

சொல்லடைவில் மட்டுமா? சரி, அனுப்புங்கள். ஆனால் பொதுச்சொல் என்று முகப்பில் போடவேண்டாம்.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

'வழி'க்கு நான் இன்னும் உடன்படவில்லை. பொற்குடத்தைப் 'பொன்வழிக் குடம்' என்று யாரும் சொல்வதில்லை. அச்சுக்குப் போகட்டும். செவிலியைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.