காப்பீட்டுப் பணத்தில் வாடகையும் உணவும்: மெடிக்கெய்ட் குறித்து ஒரு கேள்வி

கேள்வி:

பொதுக் கொள்கைப் பாடத்துக்காக அமெரிக்காவின் மெடிக்கெய்ட் திட்டத்தைப் படித்து வருகிறேன். 1965இல் சட்டமான இத்திட்டத்தில், வருமானம் குறைந்தோரின் சிகிச்சைச் செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன. மருத்துவமனை, பராமரிப்பு இல்லம் போன்றவற்றுக்கு வெளியே உணவுக்கும் தங்குமிடத்துக்கும் அதிலிருந்து பணம் தரக்கூடாது என்பது நெடுநாளைய விதி. இருந்தும், சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1115ஆம் பிரிவின்படி விலக்குப் பெற்ற சில மாநிலங்கள் உணவுப் பெட்டி, வாடகை உதவி, ஏன், குளிர்சாதனக் கருவிவரை வழங்கியுள்ளன. இது காப்பீட்டின் வேலைதானா, அல்லது வீட்டுவசதித் துறையின் சுமையைக் காப்பீட்டின் தலையில் கட்டுவதா?

மறுமொழி 1:

இன்சுலின் எழுதித் தரும் மருத்துவர், அதைக் கெடாமல் வைக்க வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருக்கிறதா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. ஓரிகன் மாநிலம் 2024 மார்ச்சில், தகுதியுள்ள பயனாளிகளுக்கு மருந்து வைப்பதற்கான சிறு குளிர்பதனப் பெட்டியையே தரத் தொடங்கியது. இதை இலவசப் பொருள் என்று ஒதுக்கினால் இன்சுலினுக்குச் செலவிட்ட பணமும் வீண்தான்.

வட கரோலினாவையும் அவசியம் படியுங்கள். 2018இல் ஒப்புதல் பெற்று, 2022 மார்ச்சில் உணவுச் சேவையோடு மூன்று பகுதிகளில் தொடங்கிய முன்னோடித் திட்டம் அது. உணவு, வீடு, போக்குவரத்து என ஒவ்வொரு சேவைக்கும் கட்டண அட்டவணை வகுத்தார்கள். அதாவது, எக்ஸ்ரேக்குப் பில் போடுவதுபோலக் காய்கறிப் பெட்டிக்கும் பில் போட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் வாசலையே மிதித்திராத சிறு தொண்டு அமைப்புகள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பயனாளி ஒருவருக்கு மாதம் 85 டாலர் அளவுக்கு மருத்துவச் செலவு குறைந்ததாக மதிப்பீடு கூறியது.

மறுமொழி 2:

அந்த 85 டாலரை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில், அடிக்கடி மருத்துவமனையில் சேரும் நோயாளிகளைத் தேடிச் சென்று கவனித்த திட்டம் ஒரு காலத்தில் பெரிதும் கொண்டாடப்பட்டது. பின்னர் 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். 180 நாட்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டோர் திட்டத்தின் உதவி பெற்ற குழுவில் 62.3 சதவீதம், பெறாத குழுவில் 61.7 சதவீதம். மிக மோசமான நிலையில் இருக்கும்போது ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், நாம் எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த ஆறு மாதத்தில் அவர் சற்றுத் தேறியிருக்கக்கூடும். வட கரோலினாவில் அத்தகைய குலுக்கல் ஒப்பீடு நடக்கவில்லை.

மறுமொழி 3:

கேம்டன் ஆய்வைச் சுட்டியது சரியே. ஆனால் அங்கே சோதித்தது வேறு. செவிலியரும் சமூகப் பணியாளரும் நோயாளியின் வீட்டுக்குச் சென்று, ஏற்கெனவே இருக்கும் சேவைகளோடு அவரை இணைத்துவிட முயன்றார்கள். வீடில்லாதவரை வீட்டுவசதி அலுவலகம்வரை கைப்பிடித்து அழைத்துச் செல்லலாம். அங்கே காலி வீடே இல்லையென்றால் அழைத்துச் சென்றவர் என்ன செய்வார்? வட கரோலினா வழிகாட்டியதோடு நிற்காமல் பொருளையே வாங்கித் தந்தது.

என் கவலை பணம் எங்கே சேமிப்பாகிறது என்பதில். ஒரு காப்பீட்டு நிறுவனம் செலவழித்துப் பூஞ்சை பிடித்த சுவரைச் சரிசெய்து, குழந்தையின் ஆஸ்துமாவைக் குறைக்கிறது. மறு ஆண்டு அக்குடும்பம் வேறு காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறிவிட்டால், மிச்சம் அந்தப் புதிய நிறுவனத்துக்கு. குழந்தை விடுப்பெடுக்காமல் படிப்பதன் பலன் எந்தக் காப்பீட்டுக் கணக்கிலும் ஏறாது. ஆகவே, செலவைக் குறைத்தால்தான் தொடரலாம் என்ற நிபந்தனை தொடக்கத்திலேயே கோணலானது. ஆனால் குறைந்தாலும் தொடரும் என்பதற்கு உறுதியில்லை: மாநிலச் சட்டமன்றம் நிதி ஒதுக்காததால் வட கரோலினாவில் இச்சேவைகள் 2025 ஜூலை 1 அன்று நின்றன. அதே ஆண்டு மார்ச்சில் மத்திய அரசும் இவற்றுக்கான தன் முந்தைய வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றிருந்தது. பில் போடக் கற்றுக்கொண்ட அந்தத் தொண்டு அமைப்புகளின் நிலையைக் கேட்டு எழுத முடிந்தால், உங்கள் கட்டுரைக்கு அதுவே நல்ல தொடக்கமாக இருக்கும்.