"மைக்ரோவேவ் சேஃப்"க்கு வியாழனுக்குள்ள ஒரு சொல் வேணும்

பழங்காநத்தம், பயிற்சி வகுப்பு எடுப்பவர்:
எல்லாருக்கும் வணக்கம். சுயஉதவிக்குழு அக்காமாருக்கு கேக்கு, பன்னு போடக் கத்துக்குடுக்கிறேன், அதுக்கான கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது. மைக்ரோவேவ் சேஃப், ஓவன் சேஃப் ரெண்டுக்குமே போன தடவை "பாதுகாப்பான பாத்திரம்"னு போட்டுட்டேன். அதனால வந்த வினையைப் பாருங்க, ஒரு அக்கா பீங்கான் பாதுகாப்பானதுதானேன்னு தங்கக்கரை போட்ட தட்டை மைக்ரோவேவ்ல வச்சு, கரை பூரா சடசடன்னு பொறி ஓடி கருகிப்போச்சு. அதைப் பார்த்த பயத்துல மத்தவுக ஓடிஜில (கம்பி சூடாகி வேகவைக்கிற மின் ஓவன்) அலுமினிய கேக் டின்னை வைக்கவே கை நடுங்குறாக, அங்க வைக்க வேண்டியதே அதுதான். ரெண்டு அடுப்புக்கும் ரெண்டு சொல் வேணும், படிச்ச உடனே புரியணும்.

மேலூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வேர்ல இருந்து வருவோம் அம்மா. அடுன்னா சமைத்தல். அடுப்பு, அடிசில், அட்டில் எல்லாம் அதுல பிறந்ததுதான், வள்ளுவர் கூழைக்கூட "அடுபுற்கை"ன்னுதான் சொல்றார். முதல் நீண்டா ஆடு, அதுவும் சமையல்தான். புறநானூறு 164-ல பெருந்தலைச் சாத்தனார் "ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின்"ன்னு பாடுறாரே, சமைக்கிறதையே மறந்து காளான் பூத்த அடுப்பு, வறுமையை அதுக்கு மேல எப்படிச் சொல்ல முடியும். ஆக "அடுகலம்". வினைத்தொகை, மூணு காலமும் உள்ள அடங்கிடும். நுண்ணலைக்கு, அதான் மைக்ரோவேவுக்கு, "அலையடுகலம்", ஓவனுக்கு "கனலடுகலம்".

பழங்காநத்தம்:
ஐயா, கேக்க அழகா இருக்கு. ஆனா எங்க அக்காமாரு அடுகலத்தை அடுக்கி வைக்கிற கலம்னுதான் படிப்பாக, நான் சத்தியம் பண்ணிச் சொல்றேன்.

திருமங்கலம், எலக்ட்ரானிக்ஸ் படிச்சவர்:
ஐயா மன்னிக்கணும், பொருளும் இடிக்குது. மைக்ரோவேவ்ல பாத்திரம் சமைக்கிறதில்லை, அலை பாத்திரத்தைத் தாண்டி உள்ள போய் உணவுல இருக்கிற தண்ணியைச் சூடாக்குது. கண்ணாடி, பீங்கான்னா அலை புகுந்து போகும், உலோகம்னா திருப்பி அடிச்சுடும், மைக்ரோவேவோட உள்சுவரே உலோகம்தானே, அலை வெளிய வராம இருக்க. எவர்சில்வர் கும்பால சாம்பார் வச்சா வாய் திறந்திருக்கிற பக்கமா மட்டும்தான் சூடு இறங்கும். முள்கரண்டி நுனி, கசங்குன அலுமினியத் தாள், தட்டோட மெல்லிய தங்கக்கரை, இங்கெல்லாம் மின்புலம் ஒரே இடத்துல குவியும். ஒரு செ.மீ.க்கு சுமார் 30,000 வோல்ட்டைத் தொட்டா காத்தே மின்சாரம் கடத்த ஆரம்பிச்சுடும், அந்த அக்கா பார்த்த பொறி அதுதான். அதனால "அலைபுகு கலம்"னு வைங்க, உலோகத்துக்கு "அலைமறி கலம்".

இன்னொண்ணு, நுண்ணலைங்கிற பேரே எனக்கு உறுத்தல். 2.45 கிகாஹெர்ட்ஸ்னா அலைநீளம் 12 செ.மீ. சொச்சம், ஒரு சாண்ல பாதிக்கு மேல, இதுல நுண் எங்க இருக்கு? குற்றலைன்னு சொல்லலாம்.

மேலூர்:
குற்றலை வேண்டாம் தம்பி, குற்ற அலைன்னு படிப்பாங்க. வானொலி அலையோட வச்சுப் பார்த்தா இது நுண்தான். அலைபுகு கலம் நல்ல வினைத்தொகை, ஏத்துக்கிறேன்.

மாசி வீதி, பாத்திரக்கடைக்காரர்:
நான் இலக்கணம் படிச்சவன் இல்லைங்க, ஆனா கடையில யாரும் "இது பாதுகாப்பானதா"ன்னு கேக்குறதில்லை. "அண்ணே, இது இண்டக்‌ஷனுக்கு ஆகுமா?" அப்படித்தான் கேப்பாக. ஆகும், ஆகாது. பச்சப்புள்ளைக்கும் புரியும். "அலைக்கு ஆகும்", "அனலுக்கு ஆகும்"னு போடுங்க.

அதைவிட முக்கியமா ஒண்ணு சொல்லணும், கையேட்டுல "ஈயப் பாத்திரம்"னு எங்கயும் எழுதிராதீக. நம்ம பக்கம் அலுமினியச் சட்டியைத்தான் ஈயச்சட்டிங்கிறோம், அது ஓடிஜில நிக்கும், அலுமினியம் உருக 660 டிகிரி வேணும். ஆனா ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், 232 டிகிரில உருகிரும், ஓடிஜி திருகு 250 வரைக்கும் போகுது. ஈயம் பூசுன பித்தளைக்கும் அந்தப் பூச்சு அப்படித்தான். பாட்டி குடுத்த சொம்பை ஒருத்தி உள்ள வச்சா குட்டையா உருகி நிக்கும், வயிறு எரியும்ங்க.

மேலூர்:
அருமையா சொன்னீங்க. காரீயம், வெள்ளீயம்னு முன்னோர் பிரிச்சு வச்சதை நாம ஒரே ஈயமாக்கி, அதுக்குள்ள அலுமினியத்தையும் திணிச்சுட்டோம். ஆனாலும் "ஆகும்"ங்கிறது வினைமுற்று, கலைச்சொல் ஆகாது. 1901-ல பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் வச்ச ஊர்ல இருந்து ஒரு கையேடு வருதுன்னா பெயர்ச்சொல் இருக்கணும்.

திருமங்கலம்:
பெயர் வேணும்னா "அலையாகாக் கலம்"? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினமும் மிகுது.

மேலூர்:
இலக்கணம் சரி. வாய்க்குள்ள போகலை தம்பி.

உசிலம்பட்டி, மொழிபெயர்ப்பாளர்:
பயப்படுற கைக்கு வினைதான் தேவை ஐயா, மருந்துச் சீட்டுல பெயர்ச்சொல்லா தேடுறோம்? என் ஓட்டு ஆகும்/ஆகாதுக்கு. கன்வெக்‌ஷன் மோடும் உள்ள மைக்ரோவேவை என்ன பண்ணப்போறீங்க? பொட்டி ஒண்ணு, வேலை ரெண்டு.

திருமங்கலம்:
அதான் அடுப்பு பேரைப் போடாம அலை, அனல்னு போடுறது நல்லதுங்கிறேன். தனி கன்வெக்‌ஷன்ல அலையை உண்டாக்குற மேக்னட்ரான் ஓடாது, சூடான காத்துதான், அப்ப டின் "அனலுக்கு ஆகும்", பிளாஸ்டிக் கைப்பிடி மட்டும் இல்லாம பார்க்கணும். ரெண்டும் சேர்ந்து ஓடுற மோடுன்னா அலை இருக்கு, மெஷின்காரன் புத்தகத்துல அனுமதிச்ச ரேக் தவிர உலோகம் வேண்டாம்.

பழங்காநத்தம்:
மூணு பேர் ஆகும் பக்கம், ஐயா எதிர்ப்பக்கம், மணி பதினொண்ணரை, காலையில அச்சகத்துக்குக் குடுக்கணும். அலைக்கு ஆகும், அலைக்கு ஆகாது, அனலுக்கு ஆகும், அனலுக்கு ஆகாதுன்னு நாலு கட்டம் போட்டுட்டேன். தங்கக்கரைத் தட்டுக்கும் ஈயச்சொம்புக்கும் தனித்தனியா ஒரு வரி, சொம்பு வரியில வெள்ளீயம்னே எழுதியிருக்கேன்.

மேலூர்:
போடுங்க அம்மா. ஆனா அலைபுகு கலம்ங்கிறதையும் ஒரு ஓரத்துல சின்ன எழுத்துலயாவது சேருங்க. அக்காமாரோட பிள்ளைக படிக்கும்ல.