பக்கத்துத் தெருவில் ஷூட்டிங், அனுமதியோடு பார்க்க யாரைக் கேட்பது?

எனக்கு உயிரான படத் தொடரின் அடுத்த பாகம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் படமாகிறது, சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. ஆனால் பார்க்க வழி தெரியவில்லை.

இடம் ஒரு பழைய ஆலைக் கட்டடம். போன வாரம் ஜெனரேட்டர் லாரிகளும் கேரவன்களும் வந்தன, கிரேனில் பெரிய விளக்கு ஏற்றியிருக்கிறார்கள், சாலையைத் தண்ணீர் ஊற்றி நனைக்கிறார்கள். இந்த வாரக் கடைசி வரை மாலை 6 முதல் காலை 5 வரை அந்தத் தெருவில் வண்டிகள் போகக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அம்புக்குறி போட்ட பலகைகளில் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பெயர். 1982-ல் 'ஸ்டார் வார்ஸ்' தொடரின் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தையே 'ப்ளூ ஹார்வெஸ்ட்' என்ற பெயரில் மறைத்து எடுத்தார்கள், அதனால் அது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

தடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் லாரிகளின் பின்பக்கம்தான் தெரிகிறது. காவலாளிகள் பேச மாட்டேன் என்கிறார்கள், பாவம், அவர்களுக்கு அப்படித்தான் உத்தரவு. தயாரிப்பு நிறுவனத்துக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. கூட்டத்தில் நிற்கிற துணை நடிகர் வேலைக்கும் கேட்டுப் பார்த்தேன், ஆள் எடுத்து முடித்துவிட்டார்களாம். அப்புறம், திருட்டுத்தனமாக உள்ளே போவதோ, படம் எடுத்து வெளியே விடுவதோ என்னால் முடியாது, கதை கசிந்தால் எனக்கே வலிக்கும்.

இரவு அவுட்டோர் ஷூட்டிங்கில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: ஓரமாக நின்று ஒரே ஒரு ஷாட்டாவது பார்க்க அனுமதி தரக்கூடியவர் யூனிட்டில் யார், லொகேஷன் மேனேஜரா, புரொடக்‌ஷன் மேனேஜரா?